எஸ்.சி. 250: எண் எதைச் சொல்கிறது, எழுத்து எதைச் சொல்கிறது?

கேள்வி: 1940-41இல் லண்டனில் வான்தாக்குதல் காவலராக இருந்த ஒருவரின் நாட்குறிப்பைத் தமிழாக்கி வருகிறேன். எஸ்.சி. 250, எஸ்.டி. 2 என்று ஜெர்மன் குண்டுகளின் பெயர்கள் அடிக்கடி வருகின்றன. அந்த எண் வெடிமருந்தின் எடையா? '17', '50' என்று தனியாக வரும் எண்கள் என்ன? இவற்றை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: எண் வெடிமருந்தின் எடை அல்ல. இரும்புக்கூடு, உள்ளே அடைத்த மருந்து எல்லாம் சேர்ந்த முழுக் குண்டின் எடை அது, கிலோவில், ஏறத்தாழ. எஸ்.சி. 250இல் மருந்து மட்டும் 130 கிலோ அளவுக்குத்தான் இருக்கும். "250 கிலோ வெடிமருந்து வெடித்தது" என்று எழுதினால் பிழை. நல்ல வரலாற்று நூல்களிலேயே இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன்.

மீதி எடை எங்கே போனது என்பதைத்தான் எழுத்துகள் சொல்கின்றன. எஸ்.சி. என்பது 'ஸ்ப்ரெங்பொம்ப சிலிண்ட்ரிஷ்', உருளை வடிவ வெடிகுண்டு. சுவர் மெல்லியது, எடையில் பாதியளவு மருந்து. வீடுகளையும் ஆலைகளையும் அதிர்வலையால் தகர்ப்பது இதன் வேலை. லண்டன் தெருக்களில் மிகுதியாக விழுந்தது இந்த வகைதான். எஸ்.டி.யில் வரும் 'டி', 'டிக்வான்டிக்', அதாவது தடித்த சுவர். மருந்து மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குதான். சிதறும் இரும்புத்துண்டுகளும் துளைக்கும் வலுவும் கூடும். பி.சி. என்று இன்னொரு வகையும் உண்டு. அதில் 'பி' என்பது 'பான்ட்ஸர்', கவசம். போர்க்கப்பலின் தளத்தைத் துளைத்து உள்ளே போய் வெடிக்க வேண்டிய குண்டு, ஆகவே கிட்டத்தட்ட முழுவதும் எஃகு. மருந்து ஐந்தில் ஒரு பங்குதான். பி.சி. 1400இல் இறக்கையும் வானொலிக் கட்டுப்பாடும் பொருத்திச் செய்ததே 'ஃபிரிட்ஸ் எக்ஸ்'. 1943 செப்டம்பர் 9 அன்று இத்தாலியப் போர்க்கப்பல் 'ரோமா'வை மூழ்கடித்தது அதுதான். குண்டின் வால்பகுதியில் வண்ணக்கோடும் உண்டு: எஸ்.சி.க்கு மஞ்சள், எஸ்.டி.க்குச் சிவப்பு, பி.சி.க்கு நீலம். நாட்குறிப்பில் "மஞ்சள் கோடு" என்று வந்தால் திகைக்க வேண்டாம்.

பெரிய குண்டுகளுக்குச் செல்லப்பெயர்களும் இருந்தன. எஸ்.சி. 1000 'ஹெர்மன்', ஜெர்மன் விமானப்படைத் தலைவர், பருத்த உடல்வாகுள்ள ஹெர்மன் கோரிங்கின் பெயர். எஸ்.சி. 1800 'சாத்தான்'. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தை ஒட்டிக் கிடைத்து, அங்கேயே வெடிக்கவைக்கப்பட்டது ஒரு ஹெர்மன்தான்.

மொழிபெயர்ப்பாளரை வழுக்கவைக்கும் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, பி 1 இ என்ற ஒரு கிலோ தீக்குண்டில் வரும் 'எலெக்ட்ரான்'. அது மக்னீசியக் கலப்பு உலோகம் ஒன்றின் பெயர். அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குண்டின் உடலே அந்த உலோகம் என்பதால் உடலும் சேர்ந்து எரியும். இரண்டாவது, 'லேண்ட் மைன்'. இதைக் 'கண்ணிவெடி' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அக்கால லண்டன்காரர்கள் அப்படிச் சொன்னது பாராசூட்டில் இறங்கிய கடற்கண்ணியை, எல்.எம்.பி. போன்றவற்றை. கப்பலுக்காகச் செய்ததை ஊர்மேல் போட்டார்கள். மண்ணில் புதையாமல் தரைமட்டத்தில் வெடித்ததால் ஒரே வெடிப்பில் தெருவே தரைமட்டமானது. 'பாராசூட் கண்ணி' என்பதே சரியான சொல்.

இனி 17, 50. நாட்குறிப்பில் மிகவும் கவனிக்க வேண்டிய எண்கள் இவைதான். இவை குண்டின் எண்கள் அல்ல, குண்டை வெடிக்கவைக்கும் கருவியான ஃபியூஸின் எண்கள். ('திரி' என்று எழுத வேண்டாம். பற்றவைக்க அதில் ஒன்றும் இல்லை. விமானத்திலிருந்து விழும்போது மின்னேற்றம் பெறும் பொறி அது.) ஜெர்மன் குண்டுகளில் ஃபியூஸ் பக்கவாட்டில் பதிந்திருக்கும். அதன் தலையில் வட்டத்துக்குள் ஓர் எண் பொறித்திருக்கும். 15 போல 5இல் முடிந்தால் விழுந்ததும் வெடிப்பது. 7இல் முடிந்தால் நேரம் கடந்து வெடிப்பது. 17இன் கடிகாரத்தை 72 மணி நேரம் வரை தள்ளிவைக்கலாம். 0வில் முடிந்தால் தொட்டவரைக் கொல்வது. 50 பொருத்திய குண்டை இலேசாக அசைத்தாலே போதும். எஸ்.டி. 2 என்ற இரண்டு கிலோ வண்ணத்துப்பூச்சிக் குண்டிலும் இதே முறைதான்: 67 காலந்தாழ்த்தி, 70 அசைத்தால். 1943 ஜூனில் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி நகரத்தை முடக்கிப்போட்டது அந்தச் சிறு குண்டு.

17ஐயும் 50ஐயும் ஒரே குண்டில் வைத்தார்கள். கடிகாரம் ஓடுகிறது என்று தெரியும், ஆனால் நிறுத்தப் போனால் மற்றது வெடிக்கும். போதாதென்று, ஃபியூஸைக் கழற்றினால் வெடிக்கும் 'சுஸ் 40' என்ற பொறியை அடியில் ஒளித்துவைத்தார்கள். 1941 மே 12 அன்று லண்டனை ஒட்டிய எரித் சதுப்பு நிலத்தில் ஒரு 250 கிலோ குண்டு, வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்துவந்த சஃபோக் பிரபுவையும், அவருடைய செயலர் பெரில் மோர்டனையும், ஓட்டுநர் ஃபிரெட் ஹார்ட்ஸையும், உடனிருந்த படைவீரர்களையும் பலிகொண்டது. அது எஸ்.சி.யா எஸ்.டி.யா என்பதைவிட, அதில் எந்த ஃபியூஸ் இருந்தது என்பதே அங்கு உயிர்ப்பிரச்சினை.

ஆகவே எஸ்.சி., எஸ்.டி. என்ற பெயர்களை அப்படியே வைத்து, முதன்முறை வரும் இடத்தில் 'மெல்லிய சுவர்க் குண்டு', 'தடித்த சுவர்க் குண்டு' என்று ஒருமுறை விளக்கினால் போதும். ஃபியூஸ் எண்ணை மட்டும் விளக்காமல் விடாதீர்கள். "17ம் 50ம் சேர்ந்து இருந்தன" என்று அவர் ஒரு வரியோடு நிறுத்தியிருப்பார். அக்கால வாசகருக்கு அது போதும். தமிழ் வாசகருக்கு அந்த இடத்தில் அடிக்குறிப்பு வேண்டும்.