எங்க 100 எங்க போச்சு?

கேள்வி: சார், எங்க ஆஸ்பத்திரி குழுமத்துல எந்த கிளை எவ்வளவு திறமையா நடக்குதுன்னு டிஇஏ முறையில ஸ்கோர் போட்டாங்க, எங்களுக்கு 100 வந்துச்சு. அப்புறம் மேலிடத்துல ‘ஆபரேஷனுக்கு வெயிட் கூட இருக்கணும்’னு ஒரு கண்டிஷன் சேர்த்து மறுபடி போட்டாங்க, இறங்கிட்டோம். கணக்குக்குள்ள சொந்த அபிப்பிராயத்தை நுழைக்கலாமா? – ஒரு வாசகர்

பதில்: கோவப்படுங்க, ஆனா முதல்ல அந்த 100 எப்படி வந்துச்சுன்னு பாத்துட்டு கோவப்படுங்க. டிஇஏன்னா டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், 1978ல சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ்னு மூணு பேர் கொண்டு வந்தது. இதுல எந்த வேலைக்கு எவ்வளவு வெயிட்னு வெளியில இருந்து யாரும் சொல்றதில்ல, ஒவ்வொரு கிளைக்கும் எது ரொம்ப சாதகமோ அந்த வெயிட்டை கணக்கே தேடி குடுத்துடும். பரீட்சை எழுதுற பையனே எந்த கேள்விக்கு எத்தனை மார்க்குன்னு போட்டுக்கிற மாதிரிதான்.

ரெண்டு ஆஸ்பத்திரி, ரெண்டுலயும் 10 டாக்டர்னு வைங்க. ஒண்ணுல 900 வெளிநோயாளி, 10 ஆபரேஷன், இன்னொண்ணுல 500, 60. கட்டுப்பாடே இல்லன்னா முதலாவது ஆபரேஷனுக்கு பூஜ்யம் போட்டுக்கும், ரெண்டாவது வெளிநோயாளிக்கு பூஜ்யம் போட்டுக்கும், ரெண்டுக்கும் 100. ஆபரேஷனை மதிக்கவே வேணாம்ங்கிறதும் ஒரு அபிப்பிராயம்தானே, சத்தமில்லாம உள்ள வந்துடுச்சு, அவ்வளவுதான். (100 வாங்கினவங்க யாரும் இதை கேக்க மாட்டாங்க!) இப்ப ஒரு ஆபரேஷன் குறைஞ்சது 10 வெளிநோயாளிக்கு சமம்னு சொல்லுங்க, முதலாவதுக்கு 900+100 = 1000, ரெண்டாவதுக்கு 500+600 = 1100, அந்த 1100ஐ 100னு வச்சா முதலாவது 91க்கு வந்துடும். அதையே 8னு வச்சா ரெண்டுமே 980, திரும்பவும் ரெண்டுக்கும் 100.

அதனால கண்டிஷன் போட்டதுல தப்பில்ல, 1986லயே தாம்சனும் கூட இருந்தவங்களும் டெக்சாஸ்ல ஒரு இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு இடம் பாக்குறப்போ வெயிட் விகிதத்துக்கு இப்படி மேல கீழ எல்லை கட்டினாங்க. உங்க சண்டை அந்த நம்பர் மேல இருக்கணும். அது எங்கேருந்து வந்துச்சு, டாக்டருங்களை கேட்டாங்களா, ஆகுற நேரத்தை வச்சு போட்டாங்களா? முக்கியமா, ஸ்கோர் பாக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணினதா, இல்ல பாத்த பிறகா? பாத்த பிறகுன்னா உங்க சந்தேகம் நியாயம்தான். ஆபரேஷன் ஆனவங்க திரும்ப வந்து அட்மிட் ஆனதை எண்ணினாங்களான்னும் கேளுங்க, அதை விட்டதும் யாரோ எடுத்த முடிவுதான்.

கண்டிஷன் இல்லாத ஸ்கோர், இருக்கிற ஸ்கோர், அந்த நம்பரை கொஞ்சம் ஏத்தி இறக்கினா வர்ற ஸ்கோர், எல்லாத்தையும் ஒரே தாள்ல போட்டு தரச் சொல்லுங்க.