துடிக்கிற நட்சத்திரம் சுத்துறத எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

கேள்வி: சில நட்சத்திரங்கள் விரிஞ்சு சுருங்கி துடிச்சுகிட்டே இருக்குமாமே. அதுக்கு ஒரு ஜோடி நட்சத்திரமும் இருந்தா, அந்த ஜோடியோட சேந்து அது பாதையில சுத்துற வேகத்த எப்படி அளப்பாங்க? துடிப்பும் சுத்துறதும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடாதா?

பதில்: கலக்கத்தான் செய்யும், அதனாலதான் இந்த வேலையே கஷ்டம். நட்சத்திர வெளிச்சத்த நிறம் நிறமாப் பிரிச்சா (அதுதான் ஸ்பெக்ட்ரம்) அதுல கோடுகள் தெரியும். அதுல டாப்ளர் பாத்தா, அதாவது நட்சத்திரம் நகர்றதால அந்தக் கோடுகள் எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாத்தா, நட்சத்திரம் மொத்தமா நம்மகிட்ட வந்தாலும் கோடுகள் நீலப் பக்கம் நகரும், இருந்த இடத்துலயே இருந்து உப்பினாலும் அதே பக்கம்தான் நகரும். நம்ம துருவ நட்சத்திரத்தயே எடுத்துக்குங்க, துடிப்பு சுமார் 4 நாளுக்கு ஒருதடவை, துணையோட ஒரு சுத்து சுத்த கிட்டத்தட்ட 30 வருஷம், அதனால ஒரு ராத்திரி எடுத்த அளவ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, வருஷக்கணக்கா எடுத்து துடிப்போட பங்கக் கழிச்சாதான் சுத்துப்பாதை தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு வழி. துடிப்பையே கடிகாரமா வச்சுக்கிறது! நட்சத்திரம் பாதையில தூரமான பக்கம் போனா வெளிச்சம் கூடுதல் தூரம் வரணும், அப்ப துடிப்பு நமக்கு லேட்டா தெரியும், கிட்ட வந்தா சீக்கிரம் தெரியும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்துக்கே வெளிச்சத்துக்கு 499 செகண்ட் ஆகுது, அதனால இந்த வித்தியாசம் ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாத அளவு இல்ல. 1676லயே வானியலாளர் ரோமர் வியாழனோட அயோ நிலாவுல பாத்தது இதே தாமதம்தான்.

கணக்குப்படி வரவேண்டிய நேரம், உண்மையில வந்த நேரம், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த கிராஃப் போட்டா அலை மாதிரி ஏறி இறங்கும், ஒரு அலை முடிஞ்சா ஒரு சுத்து. வேகமும் அதுலயே இருக்கு: தாமதம் ஒரு நாளைக்கு 1 செகண்ட் கூடிகிட்டே போனா நட்சத்திரம் செகண்டுக்கு சுமார் 3.5 கிலோமீட்டர் வேகத்துல நம்மள விட்டு விலகுதுன்னு அர்த்தம்.

ஆனா அவசரப்படக் கூடாது. நட்சத்திரத்துக்கு வயசாக ஆக ஒரு துடிப்புக்கு ஆகுற நேரமே (பீரியட்) மெதுவா மாறும், அதுவும் கிராஃப வளைக்கும், அலைல பாதிய மட்டும் பாத்தவங்க அத சுத்துப்பாதைன்னு நெனச்சுடலாம். குறைஞ்சது ஒரு முழுச் சுத்தாவது பாக்கணும்ங்கறது என் கருத்து. டெல்டா ஸ்கூட்டிங்கற துடிக்கிற நட்சத்திர வகைல இதுக்கு அருமையான ஒரு சோதனை இருக்கு, அதுல ஒரே நட்சத்திரத்துல பல துடிப்பு ஒண்ணா ஓடும், எல்லாமே ஒரே அளவு செகண்ட் தள்ளிப்போனா சுத்துறதுதான் காரணம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தள்ளினா விஷயம் நட்சத்திரத்துக்கு உள்ள இருக்கு. கெப்ளர் டெலஸ்கோப் 4 வருஷம் வானத்துல ஒரே இடத்த விடாமப் பாத்த டேட்டாவுல, ஸ்பெக்ட்ரமே எடுக்காம இந்த வழியிலயே நூத்துக்கணக்கான ஜோடிகளக் கண்டுபிடிச்சிருக்காங்க.