ஒரு பாட்டில் ரொமானே-கோன்ட்டி வைன் நாலு கோடி ரூபாய்க்கு ஏலம் போனதாமே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது? குடிக்க வாங்குகிறார்களா, வைத்திருக்க வாங்குகிறார்களா?

நீங்கள் கேட்கும் ஏலம் 2018 அக்டோபரில் நியூயார்க் சோதபீஸில் நடந்தது. 1945-ஆம் வருட ரொமானே-கோன்ட்டி, ஒரே ஒரு பாட்டில், 5,58,000 டாலர். 32,000 டாலருக்கு மேல் போகாது என்றுதான் ஏல நிறுவனமே மதிப்பிட்டிருந்தது. அதே ஏலத்தில் இன்னொரு பாட்டில் 4,96,000-க்குப் போனது.

பிரான்சின் பர்கண்டி பகுதியில் உள்ள திஜோன் நகரத்தில் வேலைக்காகச் சில மாதங்கள் தங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி நுயி-சான்-ஜோர்ஜ் போய், அங்கிருந்து வோன்-ரொமானே கிராமத்துக்கு நடந்தேன். ஊரைத் தாண்டினதும் இடுப்பளவுகூட இல்லாத ஒரு கல் சுவர், அதன்மேல் ஒரு கல் சிலுவை. பக்கத்திலேயே தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம், சாலையிலேயே நின்று பாருங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளும் ஒரு பலகை. காவலாளி யாரும் என் கண்ணில் படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரக் கொடிகள், நெருக்கமான வரிசைகளில். மண் பழுப்பு நிறம், நடுநடுவே சுண்ணாம்புக் கல் துண்டுகள். அதுதான் ரொமானே-கோன்ட்டி தோட்டம். மொத்தமே 1.81 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. அந்த நிலத்தில் விளையும் பினோ நுவார் திராட்சை மட்டும்தான் அந்தப் பெயரில் பாட்டிலுக்குள் போகும். வருடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில் தேறும், அவ்வளவுதான். வாங்க ஆள் கூடினாலும் பக்கத்து நிலத்தைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. மேல்பக்கம் ஒட்டியே இருக்கும் லா ரொமானே வேறொரு குடும்பத்துடையது, அது வேறு வைன்.

1760-இல் கோன்ட்டி இளவரசர் இந்த நிலத்தை வாங்கினார், பெயரில் பாதி அவருடையது. பிரெஞ்சுப் புரட்சியில் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது. 1869-இல் துவோ-ப்ளோஷே என்பவர் கைக்குப் போனது. அவர் வழி வந்த வில்லேன் குடும்பமும், 1942-இல் பாதிப் பங்கை வாங்கிய லெருவா குடும்பத்தின் வாரிசுகளும்தான் இன்றைய உரிமையாளர்கள்.

சரி, 1945-க்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபில்லாக்ஸெரா என்கிற பூச்சி வேரைத் தின்று பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைக் கிட்டத்தட்ட அழித்தது. மற்றவர்கள் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித் தப்பித்தார்கள். இந்தத் தோட்டத்துக்காரர்களோ மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடு மருந்தைச் செலுத்திப் பழைய கொடிகளை ஒட்டுக் கட்டாமலே பல பத்தாண்டுகள் காப்பாற்றி வந்தார்கள். போர்க்காலத்தில் மருந்துக்கும் தட்டுப்பாடு, ஆளுக்கும் தட்டுப்பாடு. கொடிகள் சோர்ந்துபோயின. 1945 வசந்தத்தில் உறைபனி வேறு தாக்கியது. அந்த அறுவடையில் கிடைத்தது 600 பாட்டில். அதோடு கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். 1947-இல் புதுக்கன்று நட்டு, அடுத்த ரொமானே-கோன்ட்டி வந்தது 1952-இல்தான். இடைப்பட்ட ஆறு வருடங்களுக்கு இந்தப் பெயரில் வைனே கிடையாது. ஆக 1945 என்பது அந்தப் பழைய வேர்களின் கடைசி விளைச்சல். திறக்கிற ஒவ்வொரு பாட்டிலும் அந்த 600-இல் ஒன்றைக் குறைக்கிறது.

அப்புறம் இன்னொன்று. என் பார்வையில் விலையைத் தூக்கியதில் இதற்குத்தான் பெரிய பங்கு. அந்த இரண்டு பாட்டில்களும் ரொபேர் துரூவான் என்ற பர்கண்டி வைன் வணிகரின் சொந்த நிலவறையிலிருந்து வந்தவை. அவர் குடும்பம் ஒரு காலத்தில் இந்த எஸ்டேட்டின் வைன்களை விநியோகித்தது. அதனால் பாட்டில் இத்தனை வருடம் எங்கே கிடந்தது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தது. சேகரிப்பாளர்களுக்கு இந்தப் பதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, போலி வைன் தயாரித்து விற்ற ரூடி குர்னியவான் வழக்கைப் பாருங்கள். இந்த வைன்மேல் அவருக்கிருந்த மோகத்தால் 'டாக்டர் கோன்ட்டி' என்றே கூப்பிட்டார்கள். உணவகத்தில் குடித்து முடித்த காலி பாட்டில்களைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொல்வாராம். 2012-இல் எஃப்பிஐ அவர் வீட்டைச் சோதித்தபோது லேபிள்கள், தக்கைகள், கலவைக்கான வைன்கள் எல்லாம் சிக்கின. 2014-இல் பத்து வருடத் தண்டனை. அவர் விற்றதில் எத்தனையோ போலிகள் இன்னும் யாரோ ஒருவருடைய நிலவறையில் இருக்கலாம்.

குடிக்க வாங்குகிறார்களா, வைத்திருக்க வாங்குகிறார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு வகையும் உண்டு. குடிக்க வாங்குகிறவர்கள்மேல்தான் எனக்கு மரியாதை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் திரும்பி வந்து, சாதாரண வோன்-ரொமானே கிராம வைன் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். பழுத்த செர்ரி வாசனை, அடியில் மழை நனைத்த மண் போல ஏதோ ஒன்று. ஒரு கிளாஸை முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.