டர்போ காரில் மேனுவல் கியர் எடுக்கலாமா?

கேள்வி: நாமக்கல்லில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் 2023 மாடல் ஹூண்டாய் வெர்னா டர்போ இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 6 கியர் மேனுவல், இன்னொன்று 7 கியர் டிசிடி ஆட்டோமேட்டிக். தினமும் சேலம் ஹைவேயில் வேலைக்குப் போய் வருவேன், மாதம் ஒருமுறை கொல்லிமலை. எனக்கு மேனுவல்தான் பிடித்திருக்கிறது. "பவர் காரெல்லாம் ஆட்டோமேட்டிக்குக்கு மாறிடுச்சு, நாளைக்கு வித்தா யார் வாங்குவா?" என்கிறார் மச்சான். எதை எடுக்கட்டும்?

பதில்: மச்சான் சொல்வதில் முதல் பாதி சரி. ஃபெராரியும் லம்போர்கினியும் மேனுவலை நிறுத்திப் பத்து வருடம் தாண்டிவிட்டது. 2025-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரிலும் கிளட்ச் பெடல் இல்லை. டிசிடியில் கிளட்ச் இரண்டு. ஒன்று ஓடுகிற கியரைப் பிடித்திருக்கும்போதே மற்றது அடுத்த கியரோடு தயாராக நிற்கும். அந்த வேகம் நம் கைக்கு வராது. போர்ஷே 911 ஜிடி3 நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆட்டோமேட்டிக்கில் 3.4 நொடி, மேனுவலில் 3.9 நொடி. ஆனால் 2013-ல் அதே ஜிடி3-யை ஆட்டோமேட்டிக்கில் மட்டும் விற்ற போர்ஷே, 2017-ல் மேனுவலைத் திரும்பக் கொண்டுவந்தது. அரை நொடி போனாலும் பரவாயில்லை, கியரை நானே போடுகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியை நாளைக்குத் தேடி வருபவரும் அப்படிப்பட்டவர்தான். ஆள் குறைவாக இருக்கலாம், விற்கக் கொஞ்சம் நாள் பிடிக்கலாம். அதற்காக மனசுக்குப் பிடித்ததை விடாதீர்கள்.

உங்கள் ரூட்டுக்கு மேனுவல் எடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த 160 பிஎஸ் இன்ஜின் எப்படி இழுக்கும் என்பது, எந்த கியரில் வளைவுக்குள் நுழைகிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும் முன்பே இரண்டாவதுக்கு இறக்கிவிட்டால், வளைவு முடியும் இடத்தில் டர்போ கெட்டியாகப் பிடித்து இழுக்கும். மூன்றிலேயே விட்டால் வண்டி திணறும். அதை நாமே கணித்துப் போடுகிற சுகம் தனி. தினமும் சென்னை கிண்டி சிக்னலில் ஊர்ந்து போகிறவர் கேட்டிருந்தால் ஆட்டோமேட்டிக் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாங்கும் முன் கிளட்ச்சைப் பாருங்கள். காலி ரோட்டில் நாலாவது கியரில் மெதுவாகப் போய், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் சட்டென்று ஏறி, வண்டி அதே வேகத்தில் போனால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் செட் மாற்றும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு, விலையில் குறைத்துக் கேளுங்கள்.

மனசு மாறி டிசிடி பக்கம் போனால், இது எண்ணெயில் ஓடாத உலர் கிளட்ச், நெரிசலில் சூடேறும். அதனால் ஐந்து நிமிட டெஸ்ட் டிரைவ் போதாது. சேலம் ஐந்து ரோடு நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டி, பிறகு ஒரு மேட்டில் ரிவர்ஸ் எடுங்கள். அங்கே உதறினால் அந்த வண்டி வேண்டாம்.