பழைய கார் ரேடியோவுக்கு எந்த ஸ்பீக்கர்? கேள்வி பதில்

ரேடியோ பழசு, ஸ்பீக்கர் புதுசு, ரெண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேட்டது "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். வாட்ஸைக் கடைசியில் பாருங்கள், முதலில் ஓம் (ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு).

அண்ணா, அம்பாசடர் டேஷ்போர்டு ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சு. 300 வாட்ஸ் ஸ்பீக்கர் வாங்கி மாட்டினேன், பழசைவிட சத்தம் கம்மியா வருது. ரேடியோ போச்சா? (சேலம்)

ரேடியோவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தக் காலத்து ரேடியோ தருவதே 3 முதல் 5 வாட்ஸ்தான். பெட்டியில் போட்டிருக்கும் 300 என்பது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு (அதுவும் பல நேரம் விளம்பரக் கணக்கு), எவ்வளவு கத்தும் என்பதல்ல. அதே பெட்டியில் சென்சிடிவிட்டி என்று டெசிபலில் ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 86 இருக்கும் ஸ்பீக்கரில் 92 இருப்பதன் சத்தம் வரவேண்டுமானால் நாலு மடங்கு பவர் வேண்டும், உங்கள் ரேடியோ அதற்கு எங்கே போகும்? 90க்கு மேல் உள்ளதாக, லேசான பேப்பர் கோன் (முன்னால் அதிரும் கூம்பு), ஓரத்தில் தடித்த ரப்பர் இல்லாததாகத் தேடுங்கள். விலையும் குறைவாகவே இருக்கும்.

1966 இம்பாலா, டெல்கோ ஏஎம் ரேடியோ. 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் கரகரக்கிறது. (டொராண்டோ)

ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் டெல்கோ டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு வந்தது 10 ஓம் ஸ்பீக்கர். இன்று கார் கடையில் கிடைப்பதெல்லாம் 4 ஓம், அங்கேதான் இடிக்கிறது. உங்கள் ரேடியோவில் ஒற்றை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கரை ஓட்டுகிறது. அதில் ஓம் குறைந்தால் சத்தம் இறங்கும், உடையும். பின்னால் வந்த ஐசி (சிப்) வகை என்றால் சூடேறிச் செத்தே போகும்.

5 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் இருக்கிற கொஞ்சப் பவரில் பாதிக்கு மேல் அது சூடாக்கியே தின்றுவிடும், எனக்கு அதில் விருப்பமில்லை. டேஷ்போர்டுக்கென்றே இரண்டு 4 ஓம் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) உள்ள ஸ்பீக்கர்கள் விற்கிறார்கள். முதல் காயிலின் மைனஸை இரண்டாவதின் பிளஸோடு சேர்த்து, மிச்சமிருக்கும் இரண்டு முனையை ரேடியோவுக்குக் கொடுங்கள், 8 ஓம் ஆகிவிடும், 10க்கு அது போதும். ஒரு காயிலை மாற்றிக் கொடுத்துவிட்டாலும் மல்ட்டிமீட்டர் அதே எண்ணைத்தான் காட்டும், ஆனால் ஒன்று தள்ள மற்றது இழுக்க, சத்தமே வராது. அப்படி ஆனால் ஒரு காயிலின் இரு வயரையும் இடம் மாற்றுங்கள், சரியாகிவிடும்.

பழைய ஸ்பீக்கரில் எந்த எழுத்தும் இல்லை. எத்தனை ஓம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரேடியோ வயரைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரை வையுங்கள். மீட்டர் காட்டுவது எப்போதும் கொஞ்சம் குறைவாக இருக்கும்: 3.5 பக்கம் காட்டினால் 4 ஓம், 6 முதல் 7 வரை என்றால் 8 ஓம், 8க்கு மேல் போனால் 10 ஓம். மீட்டர் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்துவிட்டது, பழைய அளவு என்னவென்று ரேடியோ சர்க்கிட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என் பீட்டில் 1963, 6 வோல்ட். 6 வோல்ட் ஸ்பீக்கர் எங்கே கிடைக்கும்? (ஈப்போ)

அப்படி ஒன்று கிடையாது. வோல்ட் ரேடியோவின் கவலை, ஸ்பீக்கருக்கு ஓம் மட்டும் பொருந்தினால் போதும்.

தாத்தாவின் வால்வ் ரேடியோ, ஸ்பீக்கருக்கு நாலு வயர் போகிறது. புதுசுக்கு ரெண்டுதானே? (மதுரை)

அது ஃபீல்டு காயில் ஸ்பீக்கர். நிலைக் காந்தம் இல்லை, பேட்டரி கரண்டில் காந்தமாகும் பெரிய சுருள் இருக்கும், இரண்டு வயர் அதற்கு. அந்தச் சுருளை அளந்து பாருங்கள். சில ஓம்தான் என்றால் நேராகப் பேட்டரியில் ஓடுவது, காந்த ஸ்பீக்கர் போட்டுவிட்டு அந்த இரண்டு வயரின் நுனியையும் தனித்தனியாக டேப் சுற்றி விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் காட்டினால் உயர்வோல்ட் பாதையில் அது ஒரு சோக்காகவும் (கரண்டின் இரைச்சலை வடிகட்டும் சுருள்) வேலை செய்கிறது, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், சும்மா கழற்றினால் ரேடியோ பேசாது. அப்புறம், வால்வ் ரேடியோவை ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

மோரிஸ் மைனர், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் பாடியில்). ஸ்பீக்கருக்கு அதனால் பிரச்சினை வருமா? (கண்டி)

ஸ்பீக்கருக்கு வராது. ஆனால் ரேடியோவின் உடம்பு எந்த எர்த்துக்கு என்று முதலில் பாருங்கள். சிலவற்றில் பின்பக்கம் மாற்றிச் செருகும் பிளக் இருக்கும். தவறாக இருந்தால் ஸ்பீக்கர் வரை போகவே வேண்டாம், முதல் ஃபியூஸிலேயே கதை முடியும்.

பழைய ரேடியோவில் ஸ்பீக்கரின் ஒரு வயரை பாடியில் கொடுத்திருந்தேன். புது ஸ்டீரியோவுக்கும் அப்படியே விட்டதில் புகை வந்தது, ஏன்? (திருச்சி)

பழசில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடியோடு சேர்ந்தது சகஜம். புதுசில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயருமே உயிருள்ளவை, எதையும் பாடியில் தொடவிடக் கூடாது. ரேடியோவிலிருந்து ஸ்பீக்கர் வரை இரண்டு வயரும் புதிதாக இழுங்கள்.

கிழிந்த கோனைச் சரிசெய்ய முடியுமா?

சின்னக் கிழிசல் என்றால் டிஷ்யூ பேப்பரும் தண்ணீர் விட்ட ஃபெவிகாலும் போதும், இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒட்டி ஒரு நாள் காயவிடுங்கள். விரலால் கோனைச் சமமாக அழுத்தும்போது உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் சாய்ந்துவிட்டது, ஒட்டிப் பயனில்லை, ரீகோன் (புதுக் கோனும் காயிலும் போடுவது) செய்பவரிடம் கொண்டுபோங்கள். பழைய ஓம் எவ்வளவோ அதே ஓம் காயில் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், சொல்லாவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிடுவார்கள்.