சர்க்கரை நோயும் இதயக் குழாய் அடைப்பும்: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை செய்கிறேன். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. நெஞ்சுவலி ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் ஈசிஜி எடுத்தபோது பழைய மாரடைப்பின் அடையாளம் இருப்பதாகச் சொன்னார்கள். வலி இல்லாமல் மாரடைப்பு வருமா?

வரும். இதயத்தின் வலியை மூளைக்குக் கொண்டுசெல்லும் தன்னியக்க நரம்புகளைப் பல ஆண்டுச் சர்க்கரை நோய் மெல்ல மெல்லக் கெடுத்துவிடுகிறது. அதனால் இதயத் தசைக்கு இரத்தம் போதாதபோதும் வலி தெரியாமல் போகலாம். "பழக்கூடையோடு ஒரே மூச்சில் ஏறிய சரிவில் இப்போது இரண்டு இடத்தில் நின்று போகிறேன்" என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியின் இடத்தில் மூச்சிரைப்புதான் பல நேரம் வந்து நிற்கிறது. எக்கோ என்ற இதய ஸ்கேன் பரிசோதனையையும் இதய மருத்துவரின் ஆலோசனையையும் தள்ளிப்போடாதீர்கள். காரணமில்லாத வியர்வை, தாடையிலோ மேல் வயிற்றிலோ அழுத்தம், திடீர்ச் சோர்வு ஆகியவை வந்தால் வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்குவது மட்டும் வேண்டாம்.

அம்மாபேட்டையில் பட்டுத் தறி நெய்கிறேன், வயது 58. ஆஞ்சியோகிராமில் மூன்று குழாய்களிலும் அடைப்பு. ஒரு மருத்துவர் ஸ்டென்ட் போதும் என்கிறார். இன்னொருவர் பைபாஸ்தான் வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?

உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். ஓர் இழை அறுந்தால் அங்கே முடிச்சுப் போட்டு நெய்துவிடலாம். பாவே நீளத்துக்கும் நைந்திருந்தால் ஒரு முடிச்சு எதற்காகும்? சர்க்கரை இல்லாதவரின் ஆஞ்சியோவில் பெரும்பாலும் ஓரிடம் மட்டும் இறுகியிருக்க, மற்றப் பகுதி ஓரளவு சீராக இருப்பதைத் திரையில் காண்கிறோம். நெடுநாள் சர்க்கரை நோயாளியின் குழாயோ பல நேரங்களில் தொடக்கத்திலிருந்தே மெலிந்து, சுவரெங்கும் மேடுபள்ளமாக, இடையிடையே சுண்ணாம்புப் படிவோடு நுனிவரை செல்கிறது. ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் அது வைக்கப்பட்ட இடத்தை மட்டும் விரிக்கும். பைபாஸில் இணைக்கும் புதுக் குழாய் அடைப்புகளைத் தாண்டிக் கீழே சேர்வதால், மேற்பகுதியில் நாளை உருவாகக்கூடிய அடைப்புக்கும் சேர்த்தே மாற்றுவழி தருகிறது.

இதற்கு வலுவான சான்று உண்டு. சர்க்கரை நோயோடு பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேரிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 26.6 சதவீதம், பைபாஸ் பிரிவில் 18.7 சதவீதம். இறப்பு மட்டும் 16.3-க்கு 10.9. பக்கவாதம் மட்டும் பைபாஸ் பிரிவில் அதிகம்: 2.4-க்கு 5.2. இந்தக் கடைசிக் கணக்கையும் உங்களிடம் மறைக்காமல் சொல்வதே நியாயம்.

ஆகவே, மூன்று குழாய் அடைப்பும் அறுவையைத் தாங்கும் உடலும் இருந்தால் என் சாய்வு பைபாஸ் பக்கமே. அடைப்பு எத்தனை இடங்களில், எவ்வளவு சிக்கலாக உள்ளது என்பதை 'சின்டாக்ஸ்' என்ற மதிப்பெண்ணால் அளப்பார்கள். 22 வரை குறைவு, 33-உம் அதற்கு மேலும் கடுமை. உங்கள் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள். நெஞ்சிலிருந்து எடுக்கும் தமனி இணைக்கப்படுமா என்றும் கேளுங்கள். கால் சிரையைவிட அது நெடுங்காலம் அடைபடாமல் உழைக்கும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் அவசரநிலை இல்லையென்றால், ஆஞ்சியோ மேசையில் படுத்திருக்கும்போதே உறவினரிடம் கையெழுத்துக் கேட்டு எடுக்கவேண்டிய முடிவல்ல இது. இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து பார்த்துச் சொல்லும்வரை சில நாள் அவகாசம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: 80 சதவீத அடைப்பு, மருந்து மட்டும் போதும் என்கிறார்கள். இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வேன்?

அடைப்பின் சதவீதம் உங்கள் ஆயுளைச் சொல்லாது. இடது முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளதா, எக்கோவில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, புகைப்பழக்கம் உண்டா ஆகிய கேள்விகளின் விடைகளே அதிகம் பேசும். நிலையான இதய நோயுள்ள சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளியான 'பாரி 2டி' ஆய்வில், உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டவர்களில் 88.3 சதவீதத்தினரும், முதலில் தீவிர மருந்து சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 87.8 சதவீதத்தினரும் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடிருந்தனர். எனவே மருந்து போதும் என்பது கைவிட்ட பேச்சல்ல. ஆனால் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவேண்டும். கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) 55-க்குக் கீழே வரவேண்டும். எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். இதய நோயுள்ள சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில் அது இதய இறப்பை 38 சதவீதம் குறைத்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். 6-க்குக் கீழே விரட்டிய 'அக்கார்ட்' ஆய்வில் இறப்பு கூடியதால் அந்தத் தீவிர சிகிச்சையை 2008-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ஆத்தூர் வாசகர்: தொந்தரவு எதுவும் இல்லை. ஆண்டுதோறும் ஆஞ்சியோ எடுக்கலாமா?

வேண்டாம். அந்தப் பணத்தைக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சிறுநீர்ப் புரதப் பரிசோதனைகளுக்கும் மாத்திரைகளுக்கும் செலவிடுங்கள்.

ஓமலூர் வாசகி: அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறது. கொழுப்பு மாத்திரை சர்க்கரையைக் கூட்டும் என்று யாரோ சொன்னதால் நிறுத்திவிட்டார்.

அந்த மாத்திரை சர்க்கரையைச் சற்றே கூட்டலாம் என்பது உண்மை. ஆனால் மாரடைப்பைத் தடுப்பதில் அதன் பயன் அதைவிடப் பன்மடங்கு பெரிது. பெண்களுக்கு இயல்பாக இதய நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பைச் சர்க்கரை நோய் பெருமளவு பறித்துவிடுகிறது என்பதால், அம்மாவுக்கு அது கூடுதலாகவே தேவைப்படுகிறது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு இன்றிரவே மீண்டும் தொடங்கச் செய்யுங்கள். அதே கையோடு, இரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மாத்திரைகளையும் அவர் நிறுத்தியிருக்கிறாரா என்று மருந்துப் பெட்டியைத் திறந்து, அட்டைகளை எண்ணிப் பாருங்கள். நிறுத்தியிருந்தால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள். அவை நின்றால் ஸ்டென்டுக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும்.