இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் இங்கிலாந்தில்: பட்டம் யார் தருவது?

கேள்வி: மன்னார்குடியில் நெல் வியாபாரம் செய்கிறேன். தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்லூரியில், ‘இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் இங்கிலாந்தில், பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்துடையது’ என்கிறார்கள். மகளைச் சேர்க்கலாமா? அவர்களே நேராக இங்கு வந்து கல்லூரி கட்டாமல் ஏன் இப்படி?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதலாவதுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் பாடம் நடத்தக் கிளம்பும் பல்கலைக்கழகம், கையிலிருந்து எவ்வளவு போடுவது, தரம் யார் பிடியில் இருப்பது, அந்த நாட்டுச் சட்டம் எதற்கு இடம் தருகிறது என்று பார்க்கும். நம் ஊர் நிலக் கணக்குதான்: கிளை வளாகம் சொந்தச் சாகுபடி, கூட்டுப் பட்டம் விளைச்சலைப் பங்கு போடும் வாரச் சாகுபடி, பெயரை மட்டும் கொடுத்துப் பணம் வாங்குவது குத்தகை. சொந்தச் சாகுபடியில் நஷ்டமும் சொந்தம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007-ல் சிங்கப்பூரில் வளாகம் திறந்தது. நினைத்த அளவு மாணவர் சேரவில்லை, ஒரே செமஸ்டரில் மூடிவிட்டார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2000-லிருந்து மலேசியாவில் தாக்குப்பிடிக்கிறது என்பதும் உண்மைதான். ஆனாலும் உள்ளூர்க் கல்லூரியோடு கைகோத்தால் கட்டடமும் வாத்தியார் சம்பளமும் அதன் தலையில் போய்விடும். பலருக்கு அதுவே வசதி.

சரி, உங்கள் மகள் விஷயம். பெயரை மட்டும் கொடுக்கும் குத்தகை முறையை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஏற்பதில்லை. அதன் 2022 விதிகளில் மூன்று வகைதான். ட்வினிங் (இணைப்புப் படிப்பு) என்றால் வெளிநாட்டுப் படிப்பு மொத்த கிரெடிட்டில், அதாவது பட்டத்துக்குச் சேர்க்கவேண்டிய பாடப் புள்ளிகளில், 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பட்டம் தருவதும் இந்திய நிறுவனம்தான். கூட்டுப் பட்டத்தில் இரண்டு பக்கமும் தலா 30 சதவீதமாவது படிக்க வேண்டும், சான்றிதழ் ஒன்று. இரட்டைப் பட்டத்தில் தனித்தனியாக இரண்டு சான்றிதழ்.

உங்களிடம் சொன்ன பாதிக்குப் பாதிக் கணக்கு ட்வினிங்கில் அடங்காது. இந்தியப் பட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்றால் மற்ற இரண்டிலும் சேராது. அப்போது அது இங்கே பாதியில் விட்டுவிட்டு அங்கே இரண்டாம் வருடத்திலோ மூன்றாம் வருடத்திலோ சேரும் ஏற்பாடாகத்தான் இருக்கும். தப்பில்லை, ஆனால் விசா கிடைக்காவிட்டால்? புரோஷரில் இதற்குப் பதில் இருக்காது.

ஒப்பந்த நகலைக் கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் மீதியை இங்கேயே முடிக்கலாமா, முடித்தால் எந்தப் பல்கலைக்கழகச் சான்றிதழ், பவுண்டில் கட்டவேண்டிய பணம் எந்த வருடக் கட்டண விகிதப்படி என்பதைக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். அப்புறம் அட்வான்ஸ் கட்டலாம்.